இடம்: வீடு

அந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அவளுக்குப் பெயர் கேள்விக்காரி. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டுதான். அது கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையோடு சரி. "கேள்விக்காரி வந்தாச்சு, நாயைக் கட்டுங்க" என்று மேலே இருந்து யாராவது கத்துவார்கள். அவளும் சிரித்துக்கொண்டே படியேறுவாள். இதற்கெல்லாம் கோபித்துக்கொண்டால் பிழைப்பு நடக்காது.

முப்பத்தாறு வயதுவரை காலுறை ஆலையில் ஜோடி சேர்க்கும் வேலை பார்த்தவள். ஆலையை மூடினார்கள். அப்புறம் ஒரு சுகாதார ஆய்வு நிலையத்தில் களப்பணி. பதினொரு வருடமாக ஊரார் வாசலில் நின்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்: வீட்டில் எத்தனை பேர், தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறீர்களா, தடுப்பூசி போட்டாயிற்றா, புகைப்பதை எப்போது விடப்போகிறீர்கள். கதவை இரண்டு தட்டுத்தான் தட்டுவாள். ஒரு தட்டு யார் காதிலும் விழாது. மூன்று தட்டினால் போலீஸ் என்று நினைத்து உள்ளே பேச்சை நிறுத்திவிடுவார்கள். இந்தக் கணக்கையெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, கதவுகளே சொல்லிக் கொடுத்தன.

வேலை ஆறு மாத ஒப்பந்தம். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கையெழுத்துப் போட வேண்டும். இருபத்திரண்டு முறை போட்டுவிட்டாள். ஒவ்வொரு முறையும் அதற்கு முந்தைய வாரம் தூக்கம் வராது, வீட்டில் பாத்திரம் தானாகக் கீழே விழும். இருபத்து மூன்றாவது கையெழுத்தின்போது டாக்டரம்மா அவளை உள்ளே கூப்பிட்டார். ஆய்வுக்கு அவர்தான் தலைவி. கறார், நேர்மை, சிரிப்பு மட்டும் படு சிக்கனம்.

"இந்த ஆய்வு நல்லபடியா முடிஞ்சா களப்பணியில ஒரு இடம் நிரந்தரமாகுது. உங்க பேரைத்தான் எழுதி அனுப்பியிருக்கேன்" என்றார்.

நிரந்தரம்! அந்தச் சொல்லை அவள் வாய்க்குள்ளேயே பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். லிஃப்ட் பழுதுபார்க்கும் வீட்டுக்காரரிடம் சொன்னதும் அவர் ரேடியோவைக் குறைத்துவிட்டு, "எழுதின பேரு அழியாம இருக்கணும்" என்றார். மனுஷர் அப்படித்தான். நல்ல சேதியைக்கூட திருகாணியை முறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார்.

ஆய்வு என்னவென்றால், ஒரு கேள்வித்தாள். நாள்பட்ட மன அழுத்தத்தை அளக்க எங்கோ வெளிநாட்டில் எழுதியது. முப்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில்: ஒருபோதும் இல்லை, எப்போதாவது, அடிக்கடி, எப்போதும். முறையே பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று என்று மதிப்பெண். அதை இருவர் தனித்தனியாகத் தமிழாக்கி, மூன்றாமவர் ஒப்பிட்டு, நான்காமவர் அதைத் திரும்ப அந்த வெளிநாட்டு மொழிக்கே கொண்டுபோய், மூலத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்து… கல்யாணப் பெண்ணுக்குக்கூட இவ்வளவு சீராட்டு நடக்காது.

அவ்வளவு செய்தும் அந்தத் தாளை நம்பிவிட முடியாது. ஒரே மூட்டையை இரண்டு தரம் நிறுத்தால் தராசு ஒரே எடையைக் காட்ட வேண்டுமில்லையா? அதேபோல ஒரே ஆளிடம் இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை கேட்க வேண்டும். நாள்பட்ட அழுத்தம் என்பது நேற்று வந்து நாளை போகிற தலைவலி அல்ல. இரண்டு வாரத்தில் மாறாது. ஆகவே இரண்டு பதிலும் ஒத்துப்போனால் தாள் தேறியது. களப்பணியாளர்கள் நான்கு பேர், ஆளுக்கு நாற்பது வீடு. விதிகள் கண்டிப்பானவை: எழுதியிருப்பதை எழுதியபடி வாசி, தலையாட்டாதே, "அச்சச்சோ" என்று சொல்லாதே, முதல் முறை கேட்ட இடத்திலேயே இரண்டாம் முறையும் கேள், வீட்டைவிட்டு வெளியே வந்தபின் தாளில் கை வைக்காதே.

முதல் சுற்றிலேயே அவளுக்கு ஏதோ உறுத்தியது. குடும்பமாக இருக்கும் எல்லா வீட்டிலும் முன்னறையில்தான் உட்காரவைத்தார்கள். ஒருவரிடம் கேட்டால் நால்வர் பதில் சொன்னார்கள். கேட்கப்பட்டவர் அந்த நால்வர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "ஒருபோதும் இல்ல, எழுதிக்கோங்க" என்றார். அவளும் எழுதிக்கொண்டாள். உலகத்திலேயே கவலையற்ற மக்கள் அந்தக் குடியிருப்பில்தான் வாழ்கிறார்கள் என்று தாள் சொன்னது. மூன்றாம் மாடியில் பல்லைக் கடித்துக் கடித்தே இரண்டு பல் உடைந்த மனிதர்கூட ஆறு மதிப்பெண்தான் வாங்கினார்.

நான்காம் மாடியில் ஒரு தையல்காரி. முப்பது வயது இருக்கும். முன்னறை மூலையில் மிஷின். கதவோரம் மாமியாரின் நாற்காலி. அந்த நாற்காலியிலிருந்து வீட்டின் எந்த மூலையும் தப்பாது. பதினேழாவது கேள்வியைக் கேள்விக்காரி வாசித்தாள்: "எனக்கென்று அமைதியாக உட்கார ஓர் இடம் இல்லை என்று தோன்றுகிறது."

தையல்காரி வாய் திறக்குமுன் மாமியார் முந்திக்கொண்டார். "இவளுக்கு என்ன குறைச்சல்? நாள் பூரா உக்காந்துதானே தைக்கிறா. இல்லன்னு போடுங்க."

"அவங்கதான் சொல்லணும்மா" என்றாள் கேள்விக்காரி.

"அத்தை சொன்னதுதான்" என்றாள் தையல்காரி. தலை நிமிரவில்லை. முப்பது கேள்வியும் முடிந்தபோது மொத்தம் ஒன்பது.

கேள்விக்காரி இரண்டாம் மாடிக்கு இறங்கியிருப்பாள். பின்னால் குப்பைக் கூடையோடு தையல்காரி ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது.

"அக்கா, அந்தப் பதினேழாவது கேள்விய இன்னொரு தரம் கேளுங்க."

"இனிமே மாத்தி எழுதக் கூடாதும்மா. விதி அப்படி."

"எழுத வேணாம். சும்மா கேளுங்க."

கேட்டாள். "எப்போதும்" என்றாள் தையல்காரி. எலி வளையானாலும் தனி வளை என்பார்கள். இந்தப் பெண்ணுக்கு அதுவும் இல்லை என்று கேள்விக்காரிக்குப் பட்டது. தையல்காரி கூடையைக் கவிழ்த்துவிட்டு, மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டு, வந்த வேகத்தில் திரும்பி ஏறினாள்.

அன்றைக்குக் கேள்விக்காரி மனதில் விழுந்தது ஒரு முள். பதினொரு வருடம் விதியை மீறாதவள் இரண்டாம் சுற்றில் ஆழம் பார்க்காமல் காலை விட்டாள். ஆட்களைத் தனியாகப் பிடித்தாள். பல் உடைந்தவரை அவர் காவல் காக்கும் சரக்குக் கிட்டங்கி வாசலில். ஒரு பள்ளி ஆசிரியையைப் பேருந்து நிறுத்தத்தில். மகன் வீட்டில் இருக்கும் பெரியவர் ஒருவரைப் பூங்காவின் மூன்றாவது சுற்று நடையில். தையல்காரியை மொட்டை மாடியில். அவள் துணி உலர்த்த மேலே வர மாமியாரிடம் சாவி வாங்க வேண்டும். வாங்கினால் பன்னிரண்டு நிமிடம். தாண்டினால் கீழிருந்து கூப்பிடுவார்கள். அதனால் திங்கட்கிழமை பதினைந்து கேள்வி, வியாழக்கிழமை பதினைந்து. போர்வைக்கும் படுக்கைவிரிப்புக்கும் நடுவில் நின்றுகொண்டு, கவ்விகளைப் பல்லில் கடித்தபடி அவள் சொன்ன பதில்களுக்கு மொத்தம் எழுபத்தொன்று.

ஒவ்வொருவரும் கடைசியில் ஒரே விஷயத்தைத்தான் கேட்டார்கள். "வீட்டுக்குத் தெரியாதில்ல?" ஒவ்வொருவருக்கும் அவள் வாக்குக் கொடுத்தாள். தையல்காரி கூடுதலாக ஒன்று சொன்னாள்: "தெரிஞ்சா இந்த மாடிக் கதவுக்கும் பூட்டுதான்க்கா. எனக்கு இருக்கறதே இந்தப் பன்னெண்டு நிமிஷம்தான்."

நாற்பதில் பதின்மூன்று பேர் தனியாக வாழ்பவர்கள். அவர்களை வழக்கம்போல வீட்டில் கேட்டாள். மீதி இருபத்தேழு பேர் தாளில்தான் சங்கடம். தலைப்பில் "இடம்" என்று ஒரு கட்டம். மொட்டை மாடி, பேருந்து நிறுத்தம் என்று எழுதினால் தாளை அப்படியே தள்ளிவிடுவார்கள். அவர்கள் அவ்வளவு பயந்து சொன்னது குப்பைக்குப் போகும். பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு இருபத்தேழு தாளிலும் "வீடு" என்று எழுதினாள்.

மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டு அனுப்பினார்கள். டாக்டரம்மா மேஜைக்கு எதிரே புள்ளி உட்கார்ந்திருந்தார். புள்ளிவிவரம் பார்ப்பவர் என்பதால் அலுவலகத்தில் அவருக்கு அந்தப் பெயர். ஆள் மெலிந்தவர், கூச்ச சுபாவம். பெரும்புள்ளி என்று யாராவது கேலி செய்தால் கணினிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார். அன்று அவரே பேச வேண்டியிருந்தது.

"மத்த மூணு பேரோட தாளும் ரெண்டு தடவையும் அச்சு மாதிரி ஒத்துப்போகுதுக்கா. உங்களுதுதான்… ஒம்பது எழுபத்தொண்ணு ஆகியிருக்கு. ஆறு அம்பத்தி நாலு ஆகியிருக்கு. ரெண்டு வாரத்துல இப்படி ஆகாது."

டாக்டரம்மா நேராகக் கேட்டார். "ரெண்டாவது சுற்றை வீட்டுல உக்காந்து நீங்களே எழுதினீங்களா?"

"இல்ல டாக்டர்."

"நெஜமாப் போய்க் கேட்டீங்க?"

"நெஜமாக் கேட்டேன்."

"அவங்க வீட்டுல வச்சு?"

மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை. அவள் மடியில் இருபத்தேழு கல் கனத்தது. "ஆமா" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

"சரி. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு மறுசரிபார்ப்பு. நானே வர்றேன். அஞ்சு வீடு. வித்தியாசம் ரொம்ப அதிகமா இருக்கற வீட்டுல ஆரம்பிப்போம்." அவர் விரல் தையல்காரியின் எண்ணில் நின்றது.

கேள்விக்காரி மேஜைப் பக்கம் நகர்ந்தாள். "டாக்டர், அவங்களைத் தனியாக் கேட்டா நல்லாருக்கும்."

"ஏன்?"

காரணம் சொன்னால் வாக்கு போச்சு. "கொஞ்சம் கூச்சப்படுவாங்க."

"தனியாக் கேட்டா நீங்க சொல்லிக் குடுத்ததைத்தான் சொல்றாங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்? யாரை எங்க பார்க்கணும்னு களப்பணியாளர் முடிவு பண்ணினா அது சரிபார்ப்பே இல்ல." அதுவும் நியாயம்தான். டாக்டரம்மாவின் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். வீட்டுக்காரர் ரேடியோவை முழுக்கவே அணைத்தார். "மாடியிலதான் கேட்டேன்னு சொல்லிடு. வேலை போகாது, திட்டுதான் விழும்."

"சொன்னா நேரா அங்க போய், 'மாடியில பேசினியாம்மா'ன்னு அவ புருஷன் முன்னாடியே கேப்பாங்க."

"போன் பண்ணி எச்சரிக்கை பண்ணு."

"போன் அவ புருஷன் கையில."

"அப்ப பதினோரு வருஷம்?" என்றார். அவள் சோற்றைப் போட்டாள். இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். யார் தட்டிலும் பாதிக்கு மேல் குறையவில்லை.

மறுநாள் நிலையத்தின் காரில் டாக்டரம்மா முன்னால், அவளும் புள்ளியும் பின்னால். வழியெல்லாம் அவள் ஒன்றையே வேண்டிக்கொண்டிருந்தாள்: புருஷன் வேலைக்குப் போயிருக்க வேண்டும், மாமியார் கடைக்குப் போயிருக்க வேண்டும். நான்கு மாடி ஏறினார்கள். கேள்விக்காரி வழக்கம்போல இரண்டு தட்டுத் தட்டினாள். கதவைத் திறந்தது புருஷன்.

மரியாதையான மனுஷர், அதில் குறையே சொல்ல முடியாது. நாற்காலிகளைத் துணியால் துடைத்துப் போட்டார். "உக்காருங்க டாக்டர்" என்றார். மாமியார் தன் இடத்தில் இருந்தார். மூலையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கேள்விக்காரியைப் பார்த்ததும் தையல்காரியின் கால் ஒரு கணம் தடுக்கி, மறுபடி மிதித்தது.

டாக்டரம்மா விஷயத்தைச் சொன்னார். "இந்த அம்மா ரெண்டாவது தடவை போன மாசம் வந்து உங்க மருமகள்கிட்ட கேள்வி கேட்டதா தாள்ல இருக்கு. வந்தாங்களா?"

"ரெண்டாவது தடவையா?" மாமியார் முகவாயில் கை வைத்தார். "ஒரே தடவைதான் வந்தாங்க. நான் வாசல்லயேதானே உக்காந்திருக்கேன்? எனக்குத் தெரியாம இந்த வீட்டுக்குள்ள ஈ காக்கா நுழையாது."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? இந்த வீட்டுக்கு வரல."

புருஷன் திரும்பினார். குரலை உயர்த்தவே இல்லை. "உன்கிட்ட வந்தாங்களா?"

மிஷின் நின்றது. ஊசி துணிக்குள் இறங்கினபடியே நின்றது. தையல்காரி கேள்விக்காரியைப் பார்க்கவில்லை, துணியைப் பார்த்தாள். "வந்தாங்க" என்றால் எங்கே என்று அடுத்த கேள்வி வரும். "வரல" என்றால் அந்த அக்காவின் வேலை போகும். இது அவளுக்கும் புரிந்துவிட்டது என்பது அவள் கழுத்து நரம்பில் தெரிந்தது.

"என்ன கேட்டேன்?" என்றார் புருஷன், இன்னும் மெதுவாக.

டாக்டரம்மா தாளைக் கையில் எடுத்தார். அது பொய்த் தாள் என்று அந்த நிமிடத்தில் அவர் முடிவே கட்டிவிட்டார். பொய்த் தாளில் காப்பாற்ற வேண்டிய ரகசியம் ஏது? "சரி, குழப்பம் வேணாம். இதுல இருக்கற மூணு பதிலைப் படிக்கிறேன். நீங்க சொன்னதுதானான்னு மட்டும் சொல்லுங்கம்மா. இருபத்திரண்டாவது கேள்வி. 'என்னைச் சுற்றி இருப்பவர்களுக்குப் பயந்து…'"

"நான்தான் எழுதினேன் டாக்டர்."

எல்லோரும் திரும்பினார்கள். கேள்விக்காரி எழுந்து நின்றிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"இவங்க எதுவும் சொல்லல. நான் வரவே இல்ல. வெயில்ல நாலு மாடி ஏற அலுப்பா இருந்துச்சு. வீட்டுல உக்காந்து நானே போட்டுட்டேன். படிக்காதீங்க டாக்டர், அது அவங்க பதில் இல்ல."

மாமியார்தான் முதலில் வாயைத் திறந்தார். "பார்த்தா எவ்வளவு பதவிசா இருந்தாங்க! எங்க வீட்டுப் பேரை வச்சு இல்லாததும் பொல்லாததும் எழுதியிருக்காங்களே!" புருஷன் கையை நீட்டினார். "அந்தத் தாளை நான் பார்க்கலாமா?"

"கூடாது" என்றார் டாக்டரம்மா. அவருக்கு முகம் கறுத்திருந்தது. "ரத்தான தாள் நிலையத்தோட சொத்து." மடித்துப் பைக்குள் வைத்தார். அந்த ஒரு வார்த்தைக்காகக் கேள்விக்காரி அவரை ஆயுசுக்கும் வாழ்த்தத் தயாராக இருந்தாள். பின்னால் மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது, ரொம்ப வேகமாக.

காரில் ஏறினார்கள். மற்ற நான்கு வீட்டுக்குப் போகத் தேவை இல்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கேள்விக்காரிக்கு அவமானம் ஒரு பக்கம், அந்தத் தாளைப் படிக்கவிடவில்லை என்ற நிம்மதி ஒரு பக்கம். புள்ளி மட்டும் மடியில் தாள்களைப் போட்டுப் புரட்டிக்கொண்டே வந்தார். மனிதருக்கு எண்ணைப் பார்த்தால் சாவு வீட்டிலும் கை சும்மா இருக்காது.

"டாக்டர்" என்றார் திடீரென்று. "ஒண்ணு இடிக்குது."

"சொல்லுங்க."

"வீட்டுல உக்காந்து பொய்யா எழுதறவங்க முதல் தாளைப் பக்கத்துல வச்சுக்கிட்டு அதே மாதிரிதான் எழுதுவாங்க. ஒத்துப்போனா யாருக்கும் சந்தேகம் வராதுல்ல? இப்படி எழுபத்தொண்ணுன்னு போட்டு எவனாவது மாட்டிக்குவானா?" தாளைத் தூக்கிக் காட்டினார். "அதோட, இந்தப் பதிமூணு பேரு தனியா குடியிருக்கறவங்க. அவங்க ரெண்டு தாளும் அழகா ஒத்துப்போகுது. குடும்பத்தோட இருக்கறவங்களுதுதான் தூக்கியடிக்குது."

டாக்டரம்மா ஓட்டுநரிடம் ஓரமாக நிறுத்தச் சொன்னார். பின்பக்கம் திரும்பிக் கேள்விக்காரியை நெடுநேரம் பார்த்தார். "எங்க வச்சுக் கேட்டீங்க?"

கேள்விக்காரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"நான் கேக்கறேன்ல? எங்க வச்சுக் கேட்டீங்க?"

"சொன்னா நீங்க அங்க போய்ப் பார்ப்பீங்க டாக்டர்."

"மத்த மூணு பேரோட தாளும் அப்ப…" டாக்டரம்மா முடிக்கவில்லை. ஒத்துப்போன நூற்றிருபது பேரில் குடும்பத்தோடு இருப்பவர்கள் எல்லோரும் இரண்டு முறையும் ஒரே முன்னறையில், ஒரே ஆட்களுக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரே பொய்யைச் சொல்லியிருக்கிறார்கள். தராசு சரியாகத்தான் நிறுத்தது. தட்டில் வைத்தது மூட்டையே இல்லை. ஒரு வருட உழைப்பு. அவர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த வீட்டுல நீங்க சொன்னதை நான் இல்லன்னு ஆக்க முடியாது. மூணு பேர் காதுல விழுந்திருக்கு" என்றார் கடைசியில்.

"ஆக்க வேணாம் டாக்டர். அப்படியே இருக்கட்டும். இல்லன்னு ஆச்சுன்னா, அப்ப எங்க பேசினான்னு அந்த வீட்டுல கேப்பாங்க."

அன்று மதியம் அவள் எழுத்தில் கொடுத்தாள்: இரண்டாம் சுற்றுத் தாள்களை நான் நேர்மையற்ற முறையில் நிரப்பினேன். அதில் ஒரு சொல்லும் முழுப் பொய் இல்லை என்று வேண்டுமானால் தேற்றிக்கொள்ளலாம், அவள் தேற்றிக்கொள்ளவில்லை. கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வாய்விட்டு அழுதாள். நிரந்தரம் போனது. இருபத்து நான்காவது கையெழுத்துக்கு யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

டாக்டரம்மா எல்லாத் தாளையும் தள்ளிவிட்டு மறுபடி தொடங்கினார். மேலிடத்தில் அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை. இந்த முறை ஒரு வீட்டுக்கு இருவர் போவது என்று விதி. ஒருவர் உரிய ஆளைத் தனியாக அழைத்துப்போய்க் கேட்பார். மற்றவர் மீதிக் குடும்பத்தை முன்னறையில் பிடித்துவைத்து, "குடும்பப் படிவம்" என்று ஒன்றை நிரப்புவார். அந்தப் படிவத்தை யாரும் கணினியில் ஏற்றப்போவதில்லை. ஆட்களை அசையாமல் உட்காரவைக்க மட்டும்தான் அது.

அதற்குக் கேள்வி எழுத ஆள் தேடியபோது டாக்டரம்மா கேள்விக்காரிக்கு ஆள் அனுப்பினார். நாள்கூலிக்குத்தான். "மாமியாருங்களை நாற்பது நிமிஷம் எழுந்திருக்க விடாத கேள்வி உங்களுக்குத்தான் தெரியும்" என்றார். அதைச் சொல்லும்போது கொஞ்சம் சிரித்தார்கூட. அவள் ஒரே மூச்சில் ஐம்பது கேள்வி எழுதிக் கொடுத்தாள். முதல் கேள்வி: "இந்தக் குடும்பத்தைத் தாங்கிப் பிடிப்பவர் யார்? விவரமாகச் சொல்லவும்." சில வீடுகளில் இரண்டாவது கேள்விக்கே போக முடியவில்லை.

தையல்காரி வீட்டுக்கு மட்டும் அவள் போக முடியாது. ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவரும் இன்னொரு பெண்ணும் போனார்கள். அவர்கள் போன அன்று கேள்விக்காரி வேறொரு வீட்டில் மாமனார் ஒருவர் ஜன்னல்களை எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்ததைத் தப்புத் தப்பாக எழுதினாள். மறுநாள் நிலையத்துக்கு வந்ததும் புள்ளி கண்ணாலேயே கூப்பிட்டார். கணினிக்குப் பின்னால் இரண்டு தாள்கள். ஒன்றின் மேல் "ரத்து" என்று சிவப்பு முத்திரை. பெயர் கிடையாது, எண் மட்டும்.

"இதைக் காட்டக் கூடாதுதான்" என்றார். "இருந்தாலும் பாருங்கக்கா. உங்களுது எழுபத்தொண்ணு. நேத்து வந்தது எழுபது."

கேள்விக்காரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். புள்ளி விரலை வைத்து இறங்கினார். ஒன்றிரண்டு இடத்தில் ஒரு படி மேலே, ஒரு படி கீழே. பதினேழு, அதேதான். இருபத்திரண்டு, அதேதான். தையல்காரியின் வாழ்க்கை ஒரு நூல்கூட இலேசாகிவிடவில்லை. இருபத்தெட்டில் விரல் நின்றது.

"இது ஒண்ணுதான் எனக்குப் புரியல. இதுல மட்டும் ரெண்டு படி இறங்கியிருக்கு. முன்னாடி 'எப்போதும்', இப்ப 'எப்போதாவது'. நாள்பட்ட விஷயம் இப்படி இறங்கக் கூடாதே. கேள்வியில ஏதாவது கோளாறு இருக்குமோ? பிழைன்னு குறிச்சு வைக்கட்டுமா?"

அவள் குனிந்து வாசித்தாள். இருபத்தெட்டாவது கேள்வி: "எனக்காக நிற்க ஒருவரும் இல்லை என்று நினைக்கிறேன்."

இரண்டாம் முறை வாசிக்க முடியவில்லை; எழுத்துகள் கலங்கின.

"பிழை இல்ல தம்பி" என்றாள். "அப்படியே ஏத்துங்க."

புள்ளி அந்த எண்ணைக் கணினியில் ஏற்றினார். வாசலில் நர்ஸ் அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டதென்று கூப்பிட்டார். கேள்விக்காரி முகத்தைத் துடைத்துக்கொண்டு குடும்பப் படிவங்களை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.